மூன்றாவது கூரை

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், ஜவ்வரிசி டப்பாவுக்கும் கசகசா டப்பாவுக்கும் நடுவில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதில் தின்ன எதுவும் கிடையாது. மூடியைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் நான்காய் மடித்த பழைய வேட்டித் துணி, துணிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க். முறுக்கு இருக்கும் என்று நம்பி என் வீட்டுக்காரர் இதுவரை நான்கு தடவை அந்த டப்பாவைத் திறந்து ஏமாந்திருக்கிறார். நான்காவது தடவை மூடியை டங்கென்று சாத்திவிட்டு, "இத வேற எங்கனா வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். கூடாது. வைத்தவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் அது.

வைத்தவர் எங்கள் எதிர்வீட்டு அக்கா. நாங்கள் முத்தியால்பேட்டையில் இந்தத் தெருவுக்குக் குடிவந்த பத்தாவது நாள் அவர் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. கையில் ஒரு டப்பா. புதிதாக வந்தவர்களுக்குப் பலகாரம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து நானும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றேன். அவரோ உட்காராமல், பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மழைக்கு ஒழுகுமா?"

"இல்லக்கா."

"எறும்பு?"

"எப்பனா ஒண்ணு ரெண்டு வரும்."

"கொழாயிக்கு எட்ட இருக்கணும், அடுப்புக்கு எட்ட இருக்கணும், சன்னலுக்கும் எட்ட இருக்கணும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சமையலறைக்குள் போனவர், நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, டப்பாவை மேல்தட்டில் வைத்துவிட்டார். அப்புறம்தான் இறங்கி வந்து விவரம் சொன்னார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள அத்தனையும் அந்த டிஸ்க்கில் இருக்கிறதாம். மாதம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டப்பாவோடு வருவாராம், புதியதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு போவாராம்.

"எதுத்தாப்லதானே இருக்கீங்க, உங்க வீட்லயே வச்சிக்கலாமேக்கா?" என்றேன். முன்பின் தெரியாத ஒருவர் என் அலமாரியில் ஏறிவிட்ட கடுப்பு என் குரலில் இருந்திருக்கும்.

"எங்க வீட்ல ஒண்ணு இருக்குதே. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா அது ரெண்டு இல்லம்மா. ஒண்ணுதான்."

சொன்ன மாதிரியே முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தார். டப்பா மாறியது. எங்கள் பக்கம் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஆனால் டிஸ்க் இருக்கிற டப்பா நிறைந்த டப்பாவா, வெறும் டப்பாவா? எனக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைக்குச் சுட்ட அதிரசம் இரண்டை உள்ளே வைத்துக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அக்கா திரும்பி வந்தார். டிஸ்க் மேல் எண்ணெய். "அதிரசம் நல்லா இருந்துச்சி. ஆனா அதுக்குத் தனி டப்பா குடு" என்றார். அதிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டு டப்பாக்கள் நடமாட ஆரம்பித்தன. ஒன்றில் டிஸ்க், இன்னொன்றில் சுண்டலோ கொழுக்கட்டையோ மீன் வறுவலோ. வேடிக்கை என்னவென்றால், முதல் டப்பா இல்லாமல் இருந்தால் இரண்டாவது டப்பாவுக்கு வேலையே இருந்திருக்காது. நான் யார் வீட்டுக்கும் வலியப் போய் உட்காருகிற ஆள் இல்லை.

இரண்டு கூரை போதாது என்பது அக்காவின் கட்சி. மூன்றாவது டிஸ்க் ஒன்று குப்பத்தில், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாவின் வீட்டில் இருந்தது. இது தெரிந்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போயும் போயும் கடல் வாசலிலா கொண்டுபோய் வைப்பது?

அக்கா சிரிக்கவில்லை. "கடல் பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான்டி எப்ப ஓடணும்னு தெரியும். ஓடறப்ப எதத் தூக்கிட்டு ஓடணும்னும் தெரியும். புயல் வருதுன்னு மைக்குல சொன்னா நீ இன்னா எடுப்ப? பேந்தப் பேந்த முழிப்ப. அந்த அம்மா வீட்ல ரேஷன் கார்டு, புள்ளைங்க சர்டிபிகேட், படகு கடுதாசி எல்லாம் ஒரே மூட்டையா கட்டி ஆணியில தொங்குது. என்னோடது அந்த மூட்டைக்குள்ள இருக்குது."

அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். புயல் என்றால் நான் என்ன எடுப்பேன் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அப்படி என்னதான் இருந்தது அவரிடம்? பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுப் பத்திரம், மகளின் கல்யாணப் படங்கள், எல்லாருடைய சான்றிதழ்களும், அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேலை பார்த்ததற்கான நான்கைந்து தாள்கள், கணவரின் இதயப் பரிசோதனைப் படங்கள், ஊறுகாய்க்கு உப்புக் கணக்கு. ஒவ்வொரு காகிதத்தையும் படமாக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து டிஸ்க்குகளுக்கு அனுப்புவார். கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முழுசாகும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். முழுசான பிறகும் எழுந்திருக்க மாட்டார். டிஸ்க்குக்குள் போய் எங்காவது ஒரு படம், எங்காவது ஒரு தாள் என்று நாலைந்தைத் திறந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு கையையும் தட்டி "வுவாலா!" என்பார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். 'முடிந்தது பார்' என்பதற்கு அவருக்கு அந்த வார்த்தைதான் வரும்.

"அதான் ஏறிடுச்சின்னு காட்டுதே, எதுக்குக்கா தொறந்து வேற பாக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தொறந்து பாக்காத பிரதி பிரதியே இல்லடி. அது சும்மா மனச ஆத்திக்கறது."

கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மளிகைச் சீட்டை கார்பன் தாள் வைத்து எழுதுவார், ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று தனக்கு. வீட்டுச் சாவி எங்களிடம் ஒன்று, தெருக்கோடி தையல்கடையில் ஒன்று. கண்ணாடி மூன்று. தெருவில் ஏதாவது சேதி என்றால் என்னிடம் சொல்லிவிட்டு, நேரே பக்கத்து வீட்டிலும் போய் அதையே வார்த்தை மாறாமல் சொல்வார். "நீ மறந்துட்டன்னா?" என்பார். ஊர்வம்பையே பத்திரப்படுத்தி வைத்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். அந்த வீட்டில் பிரதி எடுக்காத பொருள் என்றால் அவருடைய கணவர் மட்டும்தான். தெருவே அவரை முசியே என்று கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். சாதுவான மனிதர். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதாலோ என்னவோ, அக்கா அவரை மூலைக்கடைக்குப் பால் வாங்க அனுப்பினால்கூட வாசலில் நின்று திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

எதையோ பெரிதாகத் தொலைத்தவர், அதனால்தான் இப்படி என்று தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தட்டாஞ்சாவடியில் அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஏதோ கோப்பு எரிந்துபோனதென்று ஒரு கதை, பெரும்புயலில் வீடு ஒழுகிக் கல்யாண ஆல்பம் நனைந்ததென்று ஒரு கதை. நான் நேராகவே கேட்டுவிட்டேன். "எதத் தொலைச்சீங்கக்கா?"

"ஒண்ணும் தொலைக்கல. கதவுக்குத் தாப்பா போடறியே, உன் வீட்ல எத்தினி தடவ திருடு போயிருக்குது?" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு அக்காவும் முசியேவும் மகளோடு இருக்க பிரான்சுக்குப் போய்விட்டார்கள். கடல் தாண்டி ஒரு கூரை கிடைத்ததில் அக்காவுக்கு ஏக திருப்தி. என் அலமாரி டப்பா அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். வருடம் ஒருமுறை வரும்போது டப்பா மாறும். கூடவே தனி டப்பாவில் சாக்லேட் வரும். நான் வடகம் போட்டு அனுப்புவேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இது அக்கா எதிர்வீட்டிலேயே இருந்தபோது நடந்தது. என் தொழில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி. ஜாக்கெட் துணியில் மயில், அன்னம், மாங்காய் எல்லாம் மெஷின் தைக்கும். ஆனால் ஊசி எங்கே குத்தி எங்கே திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு மயில் போட இரண்டு நாள், சில சமயம் நான்கு நாள். கடையில் விற்கிற டிசைனை நான் தொடுவதில்லை. எல்லாம் நானே போட்டது, அப்போதே ஏழு வருட உழைப்பு. அடுத்த தெருவில் இதே தொழில் செய்கிற ஒருத்தி என் அன்னத்தைப் பார்த்துக் கண்மூக்கு மாறாமல் காப்பி அடித்துவிட்ட நாளிலிருந்து எனக்கு எல்லார்மேலும் சந்தேகம்.

அதனால் அக்கா, "உன் டிசைனையும் ஒரு டிஸ்க்குல போட்டு எங்க வீட்ல குடுத்து வையேன்டி" என்றபோது நான் உடனே தலையாட்டவில்லை. மாதக்கணக்கில் அவர் விடாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு டிஸ்க் வாங்கினேன். ஒவ்வொரு டிசைனுக்கும் பக்கத்திலேயே அதன் படமும் இருக்கும். யார் திறந்தாலும் பார்த்துவிடலாம். எனவே கொடுக்கும்போதே கறாராகச் சொன்னேன்.

"ரெண்டு விஷயம்க்கா. இத நீங்க தொறந்து பாக்கக் கூடாது. இதுல இருக்கறது வேற யார் கைக்கும் போவக் கூடாது."

அக்காவின் முகம் சுருங்கியது. திறந்து பார்க்காமல் ஒன்றை வைத்திருப்பது அவருக்குச் சோற்றில் கல் மாதிரி. ஆனாலும் என் உள்ளங்கையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். புது டிசைன் போட்டால் நான் டிஸ்க்கை வாங்கிவந்து ஏற்றிவிட்டு மறுபடி கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும், "தொறந்து சரி பாத்தியாடி? நெசமாப் பாத்தியா?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு முதல்நாள் டிஸ்க்கைத் தரச் சொல்லிப் போய் நின்றேன். பூஜையில் வைக்க வேண்டும்.

"வேணாம்டி. இங்கயே நான் பொட்டு வச்சி, ஒரு பூ வச்சி கும்பிட்டுக்கறேன்" என்றார்.

"நமக்குச் சோறு போடறதுக்கா. சாமி முன்னாடி வைக்காம எப்பிடி?"

"கம்ப்யூட்டரு அங்க, இதுவும் அங்கன்னா ஒரே கூரையாயிடுமே."

"ரெண்டே ராத்திரிக்குக்கா! நாளன்னிக்குக் காலைல கொண்டாந்து குடுத்துடறேன்."

அவர் மறுபடி மறுத்தார். நான் சாமி காரியத்துக்குத் தடை சொல்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை விட்டேன். அது சொல்லக் கூடாத வார்த்தை. "சாயங்காலம் வந்து வாங்கிக்க" என்று மட்டும் சொல்லி அக்கா உள்ளே போனார். சாயங்காலம் டிஸ்க்கைக் கொடுக்கும்போதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். ஆயுத பூஜை வந்தால் பட்டறையில் மெஷின்களை எல்லாம் கழுவித் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைப்பார்கள். அந்தப் பக்தியை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தார். நான் பொரி கடலை வாங்கிக்கொண்டு வருவதற்குள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தைக் கழற்றி, ஈரத்துணியால் உள்ளே ஒரு மூலை விடாமல் துடைத்து முடித்திருந்தார். "எவ்ளோ அழுக்கு பாரு!" என்று கருத்த துணியைப் பெருமையாகக் காட்டினார். எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

பலகை போட்டு, இலை விரித்து, பெட்டியை வைத்து, பக்கத்தில் என் டிஸ்க்கை வைத்தேன். அப்போது அலமாரி டப்பா நினைவுக்கு வந்தது. பாவம், அதுவும் நம் வீட்டில் இருக்கிறது, அதற்கும் ஒரு பூஜை ஆகட்டும் என்று அக்காவின் டிஸ்க்கையும் எடுத்துவந்து வைத்தேன். சாமி காரியம் என்று சொன்னதற்கு மனதுக்குள் ஒரு சமாதானம். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தாராளமாகச் சந்தனம் குழைத்துப் பூசினார். டிஸ்க்கில் பொட்டு வைக்க நடு இடம் வழுக்குகிறது என்று ஒயர் செருகுகிற வாய் இருக்கும் ஓரத்தில் அப்பினார். தேங்காய் ஒரே போடில் உடைந்தது. நல்ல சகுனம். அதன் தண்ணீர் பாதி கிண்ணத்திலும் பாதி இலையிலும் விழுந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரைப் போட்டேன். டப் என்று ஒரு சத்தம், ஒரு தீய்ந்த வாசனை. அவ்வளவுதான். டிசைனை மெஷினுக்கு எடுத்துப் போகிற பென்டிரைவ் அதிலேயே செருகியிருந்தது, அதுவும் போயிற்று. எங்கள் மெஷின் பழசு, தைத்த எதையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. பதறிப்போய்க் கம்ப்யூட்டர் பெட்டியையும் இரண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு நேரு வீதிப் பக்கம் ரிப்பேர் பார்க்கிறவரிடம் ஓடினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"சந்தனம் உள்ள போயி காஞ்சிருக்குதும்மா. தேங்காத் தண்ணி வேற. ரெண்டு டிஸ்க்கும் எழுந்திருக்கல, பெட்டிக்குள்ள இருக்கறதும் தீஞ்சிடுச்சி. சென்னைக்கு அனுப்பிப் பாக்கலாம். ஒரு மாசம் ஆவும், வரும்னு சொல்ல முடியாது."

ஒரு மாசம். என் மெஷின் மேல் ஒரு முகூர்த்த ஜாக்கெட் கிடந்தது. அரக்குப் பட்டு. இடது கையில் மயில் முடிந்துவிட்டது, பதினோரு தோகை. வலது கை பாக்கி. அந்த மயில் நான் அதுவரை போட்டதிலேயே நல்ல மயில். கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் வியாழக்கிழமை வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்னும் ஐந்து நாள். கண்ணால் பார்த்து இன்னொரு மயில் போடலாம்தான். ஆனால் அது அந்த மயிலாக இருக்காது. ஒரு கையில் ஒரு மயில், இன்னொரு கையில் அதன் சித்தப்பா மகன் மாதிரி ஒரு மயில். அதை மணமேடையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்க வேண்டும். மற்ற டிசைன்கள் போனதை நினைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்காரரைத் திட்டினேன். திட்டி முடித்தபோது, டிஸ்க்கைக் கேட்டு வாங்கிவந்தது நான்தான் என்பது மட்டும் மிச்சம் நின்றது. உட்கார்ந்து அழுதேன்.

மாலையில் அக்கா வந்தார். சந்தனம் காய்ந்த தன் டிஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். 'அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பட்டு ஜாக்கெட்டின் இடது கையை எடுத்து மயிலை விரலால் தடவினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"உன் டிசைனு இன்னொரு எடத்துல இருக்குதுடி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மீன்காரம்மா வீட்ல. என் டிஸ்க்குல. நீ குடுத்த மொத மாசத்துலேர்ந்து. ஒவ்வொரு தடவையும் நீ குடுத்துட்டுப் போனதும் அதுலேர்ந்து ஒரு பிரதி எடுத்து அனுப்பிடுவேன். கடைசியா நீ பூசைக்குக் கேட்ட அன்னிக்கு எடுத்தேன்."

பூஜைக்கு முதல்நாள் சாயங்காலம் வரச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. மயிலை முடித்து டிஸ்க்கில் ஏற்றி அவரிடம் கொடுத்தது அதற்கும் இரண்டு நாள் முன்பு. அப்படியானால் மயில் இருக்கிறது. சந்தோஷம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததென்னவோ கோபம். என் கையில் அடித்த சத்தியத்துக்கு ஒரு மாதம்கூட ஆயுசு இல்லையா? என் ஏழு வருட உழைப்பு எனக்கே தெரியாமல் குப்பத்தில் ஆணியில் தொங்குகிறதா?

"சத்தியம் பண்ணீங்களேக்கா!" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பண்ணேன். தொறக்க மாட்டேன்னேன், தொறக்கல. என் கம்ப்யூட்டர்ல கூட ஏத்தல, ஏத்தினா கண்ணுல பட்டுடும்னு இதுலேர்ந்து அதுக்கு அப்பிடியே மாத்தினேன். வேற கைக்குப் போவாதுன்னேன். அதத்தான் மீறிட்டேன். ஒண்ணே ஒண்ணு என் வீட்ல இருக்குதுன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரலடி." அப்புறம் சொன்னதுதான் அவரை ராத்திரியெல்லாம் அரித்திருக்கிறது. "ஆனா அது நல்லா இருக்குதான்னு எனக்குத் தெரியாது. நான் தொறந்தே பாக்கலியே. நான் பாக்காம வச்சிருந்த பிரதி இது ஒண்ணுதான்."

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே குப்பத்துக்கு விட்டேன்.

மீன்காரம்மா அப்போதுதான் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். ஆணியிலிருந்து மூட்டையை இறக்கி, மூன்று முடிச்சை அவிழ்த்து, ரேஷன் கார்டுக்கு அடியிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். காற்றுப் புகாமல் இரண்டு பால் கவரைப் போட்டு மெழுகுவத்தியில் ஒட்டியிருந்தார்.

"உள்ள இன்னாதான்க்கா இருக்குது? இத்தினி வருசமா காவல் காக்கறேன்" என்றார்.

"இவளோட மயிலு" என்றார் அக்கா.

"மயிலா! சொல்லியிருந்தா இன்னும் ஒரு கவர் போட்டிருப்பேனே" என்று சிரித்துவிட்டு, எங்களுக்குக் கையில் நாலு சங்கரா மீனும் கொடுத்து அனுப்பினார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அக்காவின் கம்ப்யூட்டரில் என் டிசைன்களைத் திறக்கிற சாஃப்ட்வேரை முதலில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த அரை மணி நேரம் அக்கா மூன்று தடவை தண்ணீர் குடித்தார். முசியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சூழ்நிலை சரியில்லை என்று மீனை வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டார். அக்கா டிஸ்க்கைச் செருகினார். திரையில் வரிசையாக அவருடைய பெட்டிகள். கல்யாணம், பத்திரம், அப்பா, ஊறுகாய். கடைசியில் ஒன்றுக்கு 'தொறக்காதே' என்று பெயர் வைத்திருந்தார். யாருக்காக அப்படி எழுதி வைத்தார்? மீன்காரம்மா வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. தனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு அக்கா எழுந்தார். காலண்டர் மாட்டியிருந்த சுவரிடம் போய், கண்ணாமூச்சி ஆட்டத்தில் எண்ணுகிற பிள்ளை மாதிரி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"நீ தொற. நான் பாக்கல."

"இன்னும் இன்னாத்துக்குக்கா அதெல்லாம்? வந்து பாருங்க."

"ரெண்டுல ஒண்ணத்தான் காப்பாத்தியிருக்கேன். அதயாவது உடுடி."

அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த ஒடிசலான முதுகைப் பார்த்துக்கொண்டே பெட்டியைத் திறந்தேன். மயிலின் மேல் அழுத்தினேன். திரை ஒரு நொடி வெறுமையாக இருந்தது. அப்புறம் கால் வந்தது. கழுத்து வந்தது, கொண்டை வந்தது. தோகை ஒவ்வொன்றாக விரிந்தது. நான் விரல்விட்டு எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்று. ஒரு தையல் குறையவில்லை.

"வந்துதா?" என்றார் அக்கா சுவரிடம்.

நான் மறுபடி முதல் தோகையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி பேச மாட்டேங்கற? வரலியா? சொல்லுடி!" கேட்கிற குரல் உடைந்தது. அப்போதும் அவர் திரும்பவில்லை.

வந்துவிட்டது என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு. ஒவ்வொரு மாதமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லிக் கேட்டது. என் டிஸ்க்குக்கு மட்டும் அவர் ஒருநாளும் சொல்ல முடியாமல் போனது.

"வுவாலா, அக்கா" என்றேன்.

அக்காவின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. சுவரில் நெற்றியைச் சாய்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"மொதல்ல அத மூடு" என்றார். "மூடிட்டுச் சொல்லு, திரும்பறேன்."